பேர், ஊர், தெரு

இங்க உக்காருங்க தம்பி, என் பையை நான் மடியில வச்சுக்கிறேன். நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு, அதான் கூப்பிட்டேன். இந்த பஸ்ல தமிழ் கேட்டு எவ்வளவு நாளாச்சு. எந்த ஊரு? தென்காசியா? டவுனா, பக்கத்துல கிராமமா? கடையநல்லூர். அப்படிச் சொல்லுங்க. தென்காசின்னு பொதுவாச் சொன்னா எப்படி? பேரு? சரி. இனிஷியல்? சிரிக்காதீங்க, பேரும் ஊரும் தெரியாம நான் யார்கிட்டயும் பேச மாட்டேன், அது என் பழக்கம். இங்க எந்தக் கம்பெனி? என்ன விசா? சரி விடுங்க, சொல்ல இஷ்டமில்லேன்னா நான் வற்புறுத்தல.

என் பேரு பெ. சோலைமலை. மதுரைப் பக்கம் மேலூர். மெட்ராஸ்ல ஒரு வாரப் பத்திரிகையில லே-அவுட் ஆர்ட்டிஸ்டா இருந்தேன். வேலைக்குச் சேர்ந்ததும் அங்கதான், ரிட்டயர் ஆனதும் அங்கதான். என் மக இங்க சிட்டிசன் ஆகி, எனக்கு எழுதிப்போட்டு, முறைப்படி வரிசையில நின்னு வந்தவன் நான். இதை முதல்லயே சொல்லிப்புடணும். பச்சை அட்டை, அதான் கிரீன் கார்டு, சட்டைப் பையிலயே இருக்கு. முன்னாடியெல்லாம் பீரோவுல வச்சிருப்பேன். இப்ப எங்க போனாலும் எடுத்துட்டுப் போறேன்.

தம்பி, பின்னாடி ஒரு வெள்ளை வேன் வருதே, அது எங்க இருந்து வருதுன்னு கவனிச்சீங்களா? சும்மா கேட்டேன். விடுங்க.

இந்தா, இதைப் பாருங்க. இன்னிக்குத்தான் வந்துச்சு, லாண்டிரிக் கடை வாசல்ல அடுக்கியிருந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கிட்டேன். ஸ்பானிஷ் பத்திரிகை, பேரு லா போசினா. ஸ்பீக்கர் பெட்டின்னு அர்த்தம். மாசம் ஒண்ணு வரும். இந்த ஊர்ல மெக்சிகோக்காரங்க நிறைய, முக்கியமா பூவெப்லான்னு ஒரு பக்கம் இருக்கு, அங்கேருந்து வந்தவங்க. அவங்க பாட்டு, அவங்க கூத்து, அவங்க கல்யாணம் காட்சி எல்லாம் இதுலதான் வரும். இதை இந்த லட்சணத்துக்குக் கொண்டு வந்ததே நான். ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை தெரியாது எனக்கு. எழுத்து எழுத்துதானே, எந்த மொழியா இருந்தா என்ன? புரட்டிப் பாருங்க, என் பேரு எங்கயாவது இருக்கான்னு. பத்தாம் பக்கத்துக்கு இப்பப் போகாதீங்க. அதை நான் சொல்றேன்.

மகளும் மருமகனும் காலையில போனா சாயந்திரந்தான் வருவாங்க. வீட்டுல நான் ஒத்தையாளு. நடக்கப் போவேன். ஒரு நாள் பழக்கடையில இந்தப் பத்திரிகை கிடந்துச்சு, எடுத்துப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சல். படத்து மேலேயே எழுத்து ஓடுது, தலைப்பு ஒரு பக்கம், விஷயம் இன்னொரு பக்கம். சிவப்புப் பேனா எடுத்து முழுப் பத்திரிகையையும் திருத்தி, அதுல இருந்த விலாசத்துக்கு நேராப் போயிட்டேன். போனா அது ஒரு கவுன் கடை. அவங்கள்ல பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு ஆனா விழா எடுப்பாங்க தம்பி, நம்ம சடங்கு மாதிரி, ஆனா மண்டபம் பிடிச்சு, ஆட்டம் பாட்டத்தோட. அதுக்குப் பொண்ணு போடுற கவுன் இருக்கே, குடை விரிச்ச மாதிரி நிக்கும். அந்தக் கவுனையெல்லாம் விலக்கிக்கிட்டு உள்ள போனா, பின்னாடி ஒரு சின்ன ரூம். அதான் ஆபீஸ்.

அங்க யெசேனியான்னு ஒரு பொண்ணு. பொண்ணுன்னா நாப்பது வயசு இருக்கும். பகல்ல பல் டாக்டர்கிட்ட உதவியாளர், மிச்ச நேரத்துல இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர். கடை அவங்க அத்தையோடது. நான் சிவப்பாத் திருத்தினதை நீட்டினதும் என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. அப்புறம் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கவுனெல்லாம் ஆடிப்போச்சு. அன்னிக்கே ஒரு நாற்காலி போட்டுக் குடுத்துச்சு. தோன் சோலைன்னு கூப்பிடுவாங்க என்னை. தோன்னா பெரியவர், ஐயா மாதிரி. போனதும் காப்பி வரும், இனிப்பு ரொட்டி வரும். என் மக வீட்டுல கூட எனக்கு அந்த மரியாதை கிடையாது, உள்ளதைச் சொல்றேன்.

இன்னொருத்தர் நசாரியோ. பாட்டுப் போடுறவரு. சும்மா பாட்டுப் போடுறவருன்னு நினைச்சுப்புடாதீங்க. சனிக்கிழமை சாயந்திரம் ஒரு ஹால்ல ஆட்டம் நடக்கும், கும்பியான்னு ஒரு பாட்டு வகை, அதை இவரு ஓட்டத்தைக் குறைச்சு, இழுத்து இழுத்துப் போடுவாரு. அது மேலயே மைக்ல பேசுவாரு. என்ன பேசுவாருங்கறீங்க? பேரு வாசிப்பாரு. இன்னார்கிட்டேருந்து இன்ன ஊர்ல இருக்கிற அவங்க அம்மாவுக்கு, அண்ணனுக்கு, காதலிக்கு வாழ்த்து. ஜனங்க சீட்டுல எழுதி, போன்ல எழுதி, அவரு மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. தன் பேரு வர்றப்ப அதை ரெக்கார்ட் பண்ணி ஊருக்கு அனுப்புவாங்க. அந்த வாழ்த்துக்கு சலுதோஸ்னு பேரு. அதையே பத்திரிகையிலயும் ஒரு பக்கம் போடுவாங்க. அதான் பத்தாம் பக்கம்.

முதல் தடவை அதைக் கேட்டப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. நம்ம ரேடியோல பாட்டுக்கு முன்னாடி விரும்பிக் கேட்டவங்க பேரை வாசிப்பாங்களே, உங்க வயசுக்குத் தெரியாது. சின்னப் பயலா இருக்கறப்ப கார்டு மேல கார்டு போடுவேன். ஒவ்வொரு வாரமும் ரேடியோ பக்கத்துல காதை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். மேலூர் வரைக்கும் வரும், பக்கத்துத் தெரு வரைக்கும் வரும், என் பேரு வரப்போகுதுங்கறப்ப, மற்றும் பலர்னு சொல்லி முடிச்சுப்புடுவாங்க. ஒரு தடவை கூட வரல. அந்த மற்றும் பலர்ங்கறது என்னைத்தான். அப்புறம் நான் பத்திரிகைக்குப் போனதும் வாசகர் கடிதத்துல யார் பேரும் விட்டுப்போக விடமாட்டேன். பேரு, இனிஷியல், ஊரு. ஊரு இல்லாத கடிதம் குப்பைக்கு. எங்க ஆசிரியர் அப்படித்தான் பழக்கியிருந்தாரு.

இங்க பத்தாம் பக்கத்தைப் பாத்தா எனக்கு அருவருப்பா இருக்கும். ஒரு பேரு ஒழுங்கா இருக்காது. காக்கா, ஒல்லியன், மொட்டை, சில்வண்டு. எல்லாம் பட்டப்பேரு, அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஊரும் கிடையாது, சர்ச்சுக்குப் பக்கத்துல, ஆலமரத்துப் பக்கத்துலங்கற மாதிரி ஏதோ ஒரு அடையாளம் போட்டிருப்பாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல மாட்டியிருக்கிற ரவுடி லிஸ்ட் மாதிரி இருக்கும். ஏம்மா, இவங்களுக்கெல்லாம் அப்பா ஆத்தா பேரு வைக்கலையான்னு யெசேனியாகிட்டக் கேட்டேன். எங்க பழக்கம் அப்படின்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிருச்சு. அதுக்கு மேல எனக்கு யாரும் எதுவும் சொல்லல. அதை நல்லாக் கவனிச்சுக்குங்க, எனக்கு யாரும் சொல்லல.

சில்வண்டுன்னு சொன்னேனே, அவனை எனக்குப் பிடிக்கும். கிரியோன்னு சொல்வாங்க அவங்க மொழியில. பேக்கரியில வேலை. ஆளு குள்ளம், வாய் மூடாது, எப்பவும் சீட்டியடிச்சுக்கிட்டே இருப்பான். ஆபீசுக்கு ரொட்டி கொண்டு வர்றது அவன்தான். சைக்கிள்ல வருவான். ஒவ்வொரு மாசமும் ஊர்ல இருக்கிற அவங்க அம்மாவுக்கு ஒரு வாழ்த்து குடுத்துருவான், அந்தம்மா அந்தப் பக்கத்தைக் கிழிச்சு சுவத்துல ஒட்டி வச்சிருக்குமாம். அவனுக்கு இங்க ஒரே பொண்ணு, பதினஞ்சு வயசு ஆகப்போகுது. முன்கடையில ஊதாக் கலர்ல ஒரு கவுனை அந்தப் பிள்ளைக்குன்னு எடுத்து வச்சு, சில்வண்டுன்னு துண்டுச் சீட்டு குத்தியிருந்தாங்க. வர்றப்பெல்லாம் கையைத் துடைச்சுக்கிட்டு அந்தக் கவுனைத் தொட்டுப் பாப்பான். விழாவுல அப்பன் மண்டி போட்டு, பொண்ணு கால்ல இருக்கிற சாதாச் செருப்பைக் கழட்டிட்டு, முதல் முதலா குதிகால் செருப்பு மாட்டி விடணுமாம். அதுக்கு என்னை நாற்காலியில உக்கார வச்சு, என் ஷூவைக் கழட்டி மாட்டிப் பழகிப் பாத்தான், படவா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். யெசேனியாவோட அம்மாவுக்கு ஆபரேஷன். அந்த மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தோன் சோலை, இந்த இதழை நீங்களே முடிச்சு அச்சுக்கு அனுப்பிருங்க, சலுதோஸ் பக்கத்தைப் பழையபடியே போட்டு, வாழ்த்தை மட்டும் புதுசா மாத்திக்கிட்டாப் போதும்னு சொல்லுச்சு. பழையபடியேன்னுதான் சொல்லுச்சு, இல்லேங்கல. ஆனா ஒரு ஆளை நம்பி ஒரு இதழையே குடுத்தா, அவன் கொஞ்சமாவது நல்லாப் பண்ண வேணாமா? அது வந்து பாத்து அசந்து போகணும்னு நினைச்சேன். அதுல என்ன தப்பு?

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். ஸ்பீக்கர் பக்கத்துல ஒரு மேசை போட்டுக்கிட்டு, பேப்பரும் பேனாவுமா உக்காந்தேன். வாழ்த்து குடுக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் மரியாதையாக் கேட்டேன். முழுப் பேரு என்ன, சொந்த ஊரு எது, இங்க எந்தத் தெரு, எங்க வேலை. இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளைக மத்தவங்களுக்கு எடுத்துச் சொன்னாங்க. என் நரைச்ச தலையைப் பாத்து, தோன் சோலை கேக்கறாருன்னு சந்தோஷமாச் சொன்னாங்க. சில பேரு கேட்டதும் சிரிச்சுக்கிட்டே நகந்து போயிட்டாங்க. கூச்சம். நம்ம ஜனங்களுக்கும் அந்தக் கூச்சம் உண்டு இல்லையா, பேப்பர்ல பேரு வரப்போகுதுன்னா.

சில்வண்டு வந்தான். பேரைக் கேட்டதும் பேச்சு நின்னுபோச்சு அவனுக்கு. நசாரியோ பக்கம் திரும்பிப் பாத்தான். அவரு காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு யாருக்கோ வாழ்த்து வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன், ஏண்டா, சுவத்துல ஒட்டி வைக்கிற தாய், அதுல தன் பிள்ளையோட முழுப் பேரைப் பாக்க வேணாமா, ஊரு பாக்க வேணாமான்னு. அப்புறம் சொல்லிட்டான். எலூத்தெரியோ. குடும்பப் பேரு ரெண்டு, ரெண்டும் நீளம். தெரு, பேக்கரி பேரு, பின்வாசல்ல வேலைங்கறது வரைக்கும் சொன்னான். சந்தோஷமாத்தான் சொன்னான். சொல்லிட்டு என் கையில முத்தம் குடுத்தான்.

பக்கம் அவ்வளவு அழகா வந்துச்சு தம்பி. ரெண்டு பத்தி, ஒவ்வொரு பேரும் தடிச்ச எழுத்துல, அதுக்குக் கீழ ஊரு, அதுக்குக் கீழ தெருவும் வேலையும். ஓரத்துல செவ்வந்திப் பூ வரைஞ்சு விட்டேன். மருமகன் சொல்லிக் குடுத்தபடி இன்டர்நெட்லயும் ஏத்திட்டேன். உலகத்துல எங்கேருந்து வேணாலும் பாக்கலாம், பேரைத் தட்டினா அந்தப் பேரு வந்து நிக்கும். கண்டவன் உள்ள பூந்து கெடுத்துறக் கூடாதுன்னு பாஸ்வேர்டை வேற மாத்தி வச்சேன். அது என் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை இதழ் வந்துச்சு. சனிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், காலிங் பெல் அடிச்ச மேனிக்கே இருக்கு. மக போய்க் கதவைத் திறந்தா, யெசேனியா. ஆஸ்பத்திரியில இருந்து அப்படியே வந்திருக்கு, தலை கூட வாரல. கையில இதழ். என் முன்னாடி மேசையில விரிச்சுப் போட்டுச்சு. பாராட்டப் போகுதுன்னு நினைச்சேன். எடுங்க, இன்டர்நெட்ல இருந்து இப்பவே எடுங்கங்குது. நசாரியோவும் அவரு தம்பியும் கடை கடையாப் போய் இதழைப் பொறுக்கிக்கிட்டு இருக்காங்களாம், லாண்டிரி, பழக்கடை, சலூன், சர்ச்சு வாசல் ஒண்ணு விடாம.

எனக்குச் சுருக்குன்னுச்சு. முதல்ல உக்காரும்மா, ஒரு வாய் மோர் சாப்பிடுன்னேன். பத்திரிகைன்னா ஒரு முறை இருக்கு, வெளிய போன இதழைத் திரும்ப வாங்கறதுங்கறது எங்க சர்வீஸ்லயே கிடையாது, தப்பு இருந்தா அடுத்த இதழ்ல வருந்துகிறோம்னு ஒரு பெட்டி போட்டாப் போச்சுன்னு எடுத்துச் சொன்னேன். அந்தப் பெட்டிக்கு என்ன வாசகம் போடலாம்னு அங்கேயே ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். எந்தப் பேருல எழுத்துப்பிழை வந்திருக்குன்னும் கேட்டேன். அது என்னை ஒரு மாதிரி பாத்துச்சு.

"இது பிழை இல்ல, தோன் சோலை. இது விலாசம்."

அப்புறந்தான் விஷயத்தைச் சொல்லுச்சு. இவங்கள்ல பாதிப் பேருக்கு இங்க தங்குறதுக்குப் பேப்பர் கிடையாதாம். இமிக்ரேஷன்காரங்க வேன் போட்டுக்கிட்டுத் தேடுறாங்களாம். அதைப் போன மாசமே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? டிவியில சொல்றாங்களேன்னா, டிவியில ஆயிரம் சொல்றான். நான் பழகுன ஆளுகளைச் சொல்றான்னு எனக்கு எப்படித் தெரியும்? வரிசையில நிக்காம வந்தவங்கன்னு அவங்க நெத்தியிலயா எழுதியிருக்கு?

சரிம்மா எடுத்துர்றேன், நீ போய் இதழைப் பொறுக்குன்னு அனுப்பி வச்சேன். மனசு சரியில்ல. ஒரு மனுஷன் ராப்பகலா உக்காந்து செஞ்ச வேலை, ஒரு வார்த்தை நல்லாயிருக்குன்னு சொல்லல. கொஞ்சம் படுத்தேன். எந்திரிச்சா, அன்னிக்குச் சனிப் பிரதோஷம். மக காரை எடுத்து வாசல்ல நிறுத்திட்டா. சனிப் பிரதோஷத்தை விட முடியுமா, நீங்களே சொல்லுங்க. கோயிலுக்குப் போயி, அபிஷேகம் பாத்து, பிரசாதம் வாங்கிக்கிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். போன்ல பத்து தடவை கூப்பிட்டிருக்கு அந்தப் பொண்ணு, கோயில்ல போனை அணைச்சு வச்சிருந்தேன். ஆனா எடுத்தேனா இல்லையா? எடுக்காம விட்டேனா?

ஞாயித்துக்கிழமை காலையில சில்வண்டைப் பிடிச்சுட்டாங்க.

பேக்கரிப் பின்வாசல்ல, ரொட்டித் தட்டை வெளிய எடுத்து வைக்கறப்ப. வேன்ல இருந்து இறங்கினவங்க எலூத்தெரியோன்னு முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். பேக்கரியில கூட வேலை செய்றவங்களுக்கே அந்தப் பேரு தெரியாதாம். யாரைக் கூப்பிடறாங்கன்னு முழிச்சிருக்காங்க. இவன் மட்டும் திரும்பியிருக்கான்.

இதை நசாரியோ சொல்லி, யெசேனியா இங்கிலீஷ்ல எனக்குச் சொல்லுச்சு. அந்தப் பக்கத்துல பேரு வந்த மத்தவங்கள்லாம் அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கெங்கயோ போயிட்டாங்களாம். பிள்ளைக பள்ளிக்கூடம் வரல. எனக்கும் வருத்தந்தான், இல்லேங்கல. ரெண்டு நாளு சோறு இறங்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க தம்பி. சர்க்கார்னா சாமானியமா? அவங்களுக்குத் தெரிய ஆயிரம் வழி இருக்கு. போன் இருக்கு, கேமரா இருக்கு, வேண்டாத எவனாவது போட்டுக் குடுத்திருப்பான். நான் வரைஞ்ச செவ்வந்திப் பூவைப் பாத்துக்கிட்டா வந்தான்? ஒரு சாயந்திரம் முன்னப் பின்ன ஆனதுல என்ன வந்துரப் போகுது? இதை மககிட்டயும் கேட்டேன். அவ பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. கழுவுன பாத்திரத்தையே திரும்பக் கழுவுனா.

அவனை எங்கயோ தூரத்துல ஒரு ஜெயில்ல வச்சிருந்து, அப்புறம் ஊருக்கே அனுப்பிட்டாங்க. ஒரு வகையில பாத்தா, பெத்த தாய்கிட்டப் போய்ச் சேந்துட்டான். நேர்லயே பாத்துக்கலாம், பேப்பரைச் சுவத்துல ஒட்ட வேண்டியதில்ல. அப்படித்தான் நான் நினைச்சுக்கிறேன். அப்படி நினைச்சாத்தான் தூக்கம் வருது. சில நாள் வருது.

பொண்ணோட விழா நடந்துச்சு. என்னைக் கூப்பிடல. ஊதாக் கவுன்ல அந்தப் பிள்ளை நின்னதை முன்கடையில மாட்டியிருந்த போட்டோவுலதான் பாத்தேன். செருப்பை நசாரியோ மாட்டி விட்டாராம். ஒரு கையில செருப்பு, இன்னொரு கையில போன். போன்ல அப்பன் அங்கேருந்து பாத்துக்கிட்டு இருந்தானாம். கூப்பிட்டிருந்தா நானே மண்டி போட்டு மாட்டி விட்டிருப்பேன் தம்பி. என் கால்லதானே அவன் பழகுனான்? முட்டி வலிச்சாலும் பரவாயில்லன்னு செஞ்சிருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறமாட்டேங்குது. ஒரு வார்த்தை கூப்பிடல.

அப்புறம் போன வாரம் யெசேனியாவே போன் பண்ணுச்சு. ஆபீசுக்கு வாங்கன்னு. கோபம் தீந்துருச்சுன்னு நினைச்சு, புதுச்சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். நசாரியோவும் இருந்தாரு. காப்பி வரல. ரொட்டியும் வரல, ரொட்டி யாரு கொண்டு வருவா? யெசேனியா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, மெதுவா, மரியாதையாக் கேட்டுச்சு. தோன் சோலை, உங்க முழுப் பேரு சொல்லுங்க. சொன்னேன். சொந்த ஊரு? சொன்னேன். இங்க எந்த ஊரு, எந்தத் தெரு, வீட்டு நம்பர் என்ன? எல்லாம் சொன்னேன். சந்தோஷமாத்தான் சொன்னேன். இத்தனை மாசம் உழைச்சதுக்கு இப்பவாவது என் பேரைப் போடத் தோணுச்சேன்னு.

எல்லாத்தையும் அடிச்சு முடிச்சுட்டு, திரையை என் பக்கம் திருப்புச்சு. பத்தாம் பக்கம். நான் போட்ட அதே அமைப்பு, அதே ரெண்டு பத்தி, ஓரத்துல அதே செவ்வந்திப் பூ. உள்ள ஒரு பேரு இல்ல. வெத்துக் கோடு வெத்துக் கோடா கீழ வரைக்கும் போகுது. நடுவுல ஒண்ணே ஒண்ணு, தடிச்ச எழுத்துல என் பேரு. கீழ ஊரு. கீழ தெரு, நம்பர்.

"சரியா இருக்கான்னு பாருங்க. நீங்க சொன்னாத்தான் அச்சுக்கு அனுப்புவேன்."

பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன். எனக்கென்ன பயம்? பச்சை அட்டை வச்சிருக்கேன். ஆனா லே-அவுட்னு ஒண்ணு இருக்கு இல்லையா? வெத்துப் பக்கத்துல அத்தனை நீள விலாசம் உறுத்துது. நம்பர் எதுக்கும்மா, எடுத்துருன்னேன். எடுத்துச்சு. தெருவும் எதுக்கு, வரி மடங்கி விழுது பாருன்னேன். அதையும் எடுத்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்துட்டு என் மூஞ்சியைப் பாக்குது. ஊரு இருந்தா படிக்கிறவங்களுக்கு மக பேரும் ஞாபகத்துக்கு வரும், அவ வேலை பாக்குறவ, எதுக்கு வம்பு, அதுவும் வேணாம்னேன். போச்சு. அப்புறம் என் பேரு மட்டும் நிக்குது. பெ. சோலைமலை. அதைப் பாக்கப் பாக்க எனக்கு வேர்த்துருச்சு. அந்த ரூம்ல காத்தோட்டம் கிடையாது தம்பி, கவுனெல்லாம் அடைச்சுக்கிட்டு நிக்கும். அந்த எழுத்து இந்தப் பக்கத்துக்குக் கனமா இருக்கு, நீங்க என்னைக் கூப்பிடுற மாதிரியே போட்டுருங்கன்னு சொன்னேன்.

தோன் சோலைன்னு அடிச்சுச்சு. இப்ப நல்லா இருக்கான்னு கேட்டுச்சு. நல்லா இருக்குன்னேன். நிஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு, வெள்ளை இடம் நிறைய இருந்தாக் கண்ணுக்கு ஓய்வு. நசாரியோ எந்திரிச்சு ஸ்பானிஷ்ல ஏதோ சொன்னாரு. என்ன சொல்றாருன்னு கேட்டேன். யெசேனியா கதவு வரைக்கும் வந்து என்னை வழியனுப்பி வச்சுச்சு. மரியாதைக்குக் குறைச்சல் இல்ல. அதுக்கப்புறம் போன் வரல.

இப்ப பத்தாம் பக்கம் புரட்டுங்க. பாத்தீங்களா? ஒரு முழுப் பக்கத்தை வெத்தா விட்டு அச்சடிச்சிருக்காங்க, காகிதம் வீண். நடுவுல தோன் சோலை. இது யாருன்னு எவனுக்காவது தெரியுமா? மேலூருக்கு அனுப்பினா என் அண்ணனுக்கே தெரியாது. இத்தனை உழைச்சும் கடைசியில நான் மற்றும் பலர்தான்.

அந்தப் பக்கம் பாருங்க, பேக்கரி. பின்வாசல் தெரியுதா? ஒரு சைக்கிள் பூட்டிக் கிடக்குல்ல, அவனோடதுதான். சாவி அவன் கூடவே போயிருச்சு. யாரும் அறுக்க மாட்டேங்குறாங்க. இந்த பஸ்ல போறப்பெல்லாம் நான் வலது பக்கம் உக்கார மாட்டேன், இன்னிக்கு உங்க கூடப் பேசிக்கிட்டு உக்காந்துட்டேன்.

வெள்ளை வேன் இன்னும் வருதா? திரும்பிப் பாக்காதீங்க, கண்ணாடியில பாருங்க. போயிருச்சா. சரி. பிளம்பர் வண்டியா இருக்கும்.

என்ன கேட்டீங்க? எங்க இறங்கணுமா? அடுத்த ஸ்டாப்தான். இல்லை, அதுக்கும் அடுத்தது. பரவாயில்ல, இங்கயே இறங்கிக்கிறேன், கொஞ்சம் நடக்கணும். வீடு வரைக்கும் வர்றீங்களா, எதுக்கு உங்களுக்குச் சிரமம்? பையை நீங்க ஏன் எடுத்தீங்க, ஒண்ணும் கனமில்ல, குடுங்க. வீடு இந்தப் பக்கந்தான். இந்தப் பக்கம்னா, இந்தப் பக்கம். எந்தத் தெருவா?

எதுக்குத் தம்பி கேக்கறீங்க?

இல்லை, எதுக்குக் கேக்கறீங்கன்னு கேட்டேன். நீங்க எந்தக் கம்பெனின்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே. இந்தக் கயித்தைக் கொஞ்சம் இழுங்க, பஸ் நிக்கட்டும். என் பேரு முன்னாடி ஏதோ சொன்னேன்ல, அதை மறந்துருங்க. தோன் சோலைன்னு வச்சுக்குங்க, போதும்.